தொலைக்காட்சிப் பஞ்சாங்கம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு தேநீர்க் கடையில் காலை ஆறரை மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். இராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளியும், காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வருகிற அம்மாளும், பள்ளிக்கூடத்துப் பையனும் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே பெட்டியை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருப்பார்கள். அதற்குள்ளே நெற்றி நிறையப் பட்டை போட்ட ஒரு கனவான் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு ராகு காலம் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, எமகண்டம் இத்தனை மணி, சூலம் இன்ன திசை, அந்தத் திசையில் போய்த்தான் ஆகவேண்டுமென்றால் பாலோ வெல்லமோ சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிக் கொண்டிருப்பார். கடைக்காரர் ரிமோட்டை அமுக்கி வேறு சேனலுக்குத் திருப்பினால் அங்கே வேறொரு கனவான்; பட்டைக்குப் பதிலாக நாமம், மற்றபடி அதே சரக்கு. மூன்றாவது சேனலில் ராசிக்கல் மோதிரம் விற்கிறார்கள். நான்காவதில் மேடையேறிய போதகர் ஒருவர் தலையில் கை வைத்தவுடன் முடவர் நடக்கிறார், குருடர் பார்க்கிறார். அய்ந்தாவதில் நேற்று இராத்திரி வந்த பாம்புப் பெண் இன்று காலையில் மறுபடியும் வந்து படமெடுக்கிறாள்.

இதற்குப் பெயர்தான், இஷ்டப்பட்டவர் இஷ்டப்பட்டதைப் பார்த்துக் கொள்ளும் சுதந்தரம்!

இந்தியாவில் சர்க்கார் அனுமதி பெற்ற சேனல்கள் இன்று சுமார் 900. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த ஏற்பாட்டின்படி, மாதம் 130 ரூபாயும் வரியும் கட்டினால் 100 சேனல் உண்டு என்றும், அதற்கு மேல் வேண்டியதை வேண்டியவர் பொறுக்கிக் கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். மறு வருஷமே அந்த 100 என்பதை 200 ஆக்கினார்கள். பொறுக்கிக் கொள்ளும் உரிமை நமக்கு வந்துவிட்டதாம். காசிமேட்டில் ஒருவன் இருநூறு கூடை பரப்பி வைத்து, “அம்மா, உனக்கு எந்தக் கூடை பிடிக்கிறதோ அதில் எடுத்துக்கொள்” என்கிறான் என்று வைத்துக் கொள்வோம். இருநூறு கூடையிலும் முந்தாநாள் பிடித்த அழுகல் மத்தி. இவனை நம் பெண்கள் சும்மா விடுவார்களா? ஒரு வஞ்சிரத்துண்டு வாங்குவதற்கு முன் செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, நாலு வசவும் வைது வாங்குகிற நம் தாய்மார்கள், பெட்டிக்குள்ளிருந்து வருகிறதை மாத்திரம் செவுள் பார்க்காமல் வீட்டுக்குள் விட்டுவிடுவது ஏன் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

நிற்க. நாம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு விரோதி அல்ல. புதிய சாதனம் எது வந்தாலும் அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் வேறு கூட்டம். பெரியார் 1940-களிலேயே ‘இனிவரும் உலகம்’ என்பதில், கம்பியில்லாமல் பேசும் சாதனம் ஆளுக்கொன்று சட்டைப் பையில் இருக்கும், ஒருவர் உருவத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே பேசலாம், ஓரிடத்தில் இருந்தபடியே பல இடத்து மக்களுக்கும் கல்வி போதிக்கலாம் என்று சொன்னவர். அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்களுடைய பேரப்பிள்ளைகள், இன்று அதே சாதனத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதிலே ஜாதகம் பொருத்திப் பார்க்கிறார்கள். 1926-இல் லண்டனில் பெயர்டு என்பவர் முதன்முதலாக உருவத்தை அனுப்பிக் காட்டினாரே, அவர் எமகண்டம் கழித்தா விசையைத் திருப்பினார்? மனிதன் தன் புத்தியால் செய்து மேலே அனுப்பிய செயற்கைக் கோள் ஒன்று வானத்தில் நிற்கிறது. அதன் வழியாக வந்துதான், “சனி என்னும் கோள் உன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது, எள் விளக்கு ஏற்று” என்று ஒருவன் நம் வீட்டுக் கூடத்தில் சொல்லுகிறான். இதைவிட நன்றிகெட்ட காரியம் உலகத்தில் உண்டா?

நம் குப்பத்து வீடுகளுக்கும் 2006 முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் வண்ணத் தொலைக்காட்சி இலவசமாய்க் கொடுத்தது. கூரை வீட்டுக்காரனுக்குப் பெட்டி ஒரு கேடா என்று சில கனவான்கள் பரிகாசம் செய்தார்கள். பணக்காரன் பார்ப்பதை ஏழையும் பார்த்தால் என்ன மோசம் என்பதே நம் அபிப்பிராயம். பெட்டி கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள் எதைப் போட்டு அனுப்பப் போகிறார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது நம் தப்பு.

இன்னொரு கூட்டத்தார், “அந்தக் காலத்தில் ஒரே சேனல், என்ன யோக்கியமாய் இருந்தது!” என்று பெருமூச்சு விடுவார்கள். அதையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. சென்னையில் 1975 ஆகஸ்டு 15-இல் தூர்தர்ஷன் நிலையம் வந்தது. உழவுக்கும் கல்விக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள் என்பது மெய்தான். ஆனால் 1987 ஜனவரி 25-இல் அதே சர்க்கார் பெட்டி என்ன செய்தது? எல்லா மதத்தாரும், மதமே வேண்டாம் என்பவர்களும் கொடுத்த வரிப்பணத்தில் நடக்கிற நிலையத்தில் ராமாயணத்தை இந்தியிலே போட்டு, இந்தி தெரியாத தமிழ்நாட்டு வீடுகளிலும் ஞாயிறு காலைதோறும் கற்பூரம் காட்ட வைத்தது. 1988-இல் அது முடிகிற சமயத்தில் பஞ்சாபில் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்கு? மலக்கூடையைத் தலையில் சுமக்கமாட்டோம் என்பதற்கா? கூலி உயர்வுக்கா? இல்லை, லவன் குசன் கதையையும் சேர்த்துக் காட்டு என்பதற்கு! சம்பூகன் தலையை வெட்டுகிற உத்தரகாண்டத்தை எங்களுக்குக் காட்டு என்று, யாருடைய தலை அதில் வெட்டப்படுகிறதோ அவர்களே கேட்கும்படி செய்துவிட்டார்கள். ஒரு சேனல் இருந்தபோதே இத்தனை செய்யக்கூடுமானால், 900 இருக்கும்போது என்ன செய்யமாட்டார்கள்? 2020 மார்ச்சு மாதம் ஊரடங்கு போட்டு, கூலிக்காரர்கள் பிள்ளை குட்டிகளைத் தோளில் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், 28-ஆந் தேதி அந்த ராமாயணத்தை மறுபடியும் எடுத்து ஓட்டினார்கள். ஏப்ரல் 16-இல் ஒரே நாளில் 7 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று பெருமையும் அடித்துக் கொண்டார்கள். ராமன் காட்டுக்கு நடந்ததைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் தெருவில் நடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கணக்கெடுப்பார் இல்லை.

ஆகவே சேனல் ஒன்றா, ஆயிரமா என்பது நமக்குச் சங்கதி அல்ல. அதிலே வருவது மனிதனுடைய அறிவைத் தூக்கி விடுகிறதா, தூங்க வைக்கிறதா என்பதுதான் சங்கதி. இதை எங்கோ வடநாட்டில் போய்ப் பார்க்க வேண்டாம். நம் எண்ணூரிலேயே பார்ப்போம்.

2023 டிசம்பர் மாதத்தை வடசென்னை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 4-ஆந் தேதி மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு வெள்ளமாய் மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாய்க் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் முழுவதும் கறுப்பாய்ப் படர்ந்தது. வலையும் படகும் கெட்டன. மீன் செத்தது, நண்டு செத்தது, கூழைக்கடாவின் சிறகு கறுத்தது. மீன் பிடிக்கிற கையாலேயே நம் மீனவத் தோழர்கள் குவளையால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். அந்தக் கறுப்புக் கழுவுவதற்கு முன்னமே, 26-ஆந் தேதி செவ்வாய்க்கிழமை நடுநிசிக்குச் சற்று முன், கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுபோகிற கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து கண் எரிந்து, நெஞ்சடைத்து எழுந்து, பிள்ளைகளை வாரிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது.

இந்த இரண்டு சம்பவத்துக்கும் நடுவே, 20-ஆந் தேதி, தொலைக்காட்சிப் பெட்டிகளில் நடந்த மகா பெரிய காரியம் என்ன தெரியுமா? சனிப்பெயர்ச்சி! சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குக் குடி போகிறாராம். திருநள்ளாற்றுக் கோயிலிலிருந்து நேரடி ஒளிபரப்பு. பன்னிரண்டு ராசிக்கும் பலன். எந்த ராசிக்காரன் எந்தக் குளத்தில் முழுகவேண்டும், என்ன தானம் கொடுக்கவேண்டும் என்று விவரம். அந்தப் பலன்களில் எங்கேயாவது, “எண்ணூர்க் குப்பத்துக்காரர்களே, இன்னும் ஆறு நாளில் உங்கள் மூக்கில் விஷவாயு ஏறப்போகிறது, எச்சரிக்கை” என்று ஒரு வரி இருந்ததா? பெரியகுப்பத்தில் மூச்சுத் திணறினவர்களெல்லாம் ஒரே ராசிக்காரர்களா? மேஷக்காரரும் துலாக்காரரும், “இந்தப் பெயர்ச்சி உங்களுக்கு ராஜயோகம்” என்று வாழ்த்தப்பட்டவர்களும் ஒன்றாய்த்தானே ஓடினார்கள்?

இதிலே ஒரு வேடிக்கை. வாக்கியப் பஞ்சாங்கக்காரர் கணக்குப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 டிசம்பர் 20. திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர் கணக்குப்படியோ, அவர் அதே 2023-இல் ஜனவரி 17-ஆந் தேதியே போய்விட்டார்! ஒரே சனி, ஒரே வானம், பதினொரு மாத வித்தியாசம். கடையில் ஒரு மாதத் தவணை பிந்தினால் வட்டி போடுகிறான். இங்கே பதினொரு மாதம் பிந்தியும் இரண்டு பேரும் சரி என்கிறான். அடுத்த பெயர்ச்சிக்கும் இதே கூத்துத்தான். 2025 மார்ச்சு 29 என்று ஒரு சாரார் பரிகாரத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்க, எங்கள் கணக்கு வாக்கியம், எங்களுக்குப் பெயர்ச்சி 2026-இல்தான் என்று திருநள்ளாற்றுக் கோயில் நிர்வாகமே அறிவித்தது. சேனல்காரருக்கு இதனால் நஷ்டம் உண்டா? இல்லை. ஒரு பெயர்ச்சியை இரண்டு தரம் கொண்டாடலாம். விளம்பரமும் இரண்டு தரம் வரும். சூரியனிலிருந்து சுமார் 143 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றுகிற ஒரு கோளுக்கு, பெரியகுப்பத்தில் ஒருவன் வேலை கெட்டதோ, தண்டையார்பேட்டையில் ஒருத்திக்குக் கலியாணம் தள்ளிப்போனதோ எப்படித் தெரியும் என்று கேட்கிற ஒரே ஒரு நிகழ்ச்சியை எந்தச் சேனலாவது அன்று அந்த நேரலைக்குப் பக்கத்தில் வைத்ததா? சாதாரண தொலைநோக்கி ஒன்றை மேசைமேல் வைத்து, “பார், இதுதான் சனி, இதுதான் அதன் வளையம்” என்று திருவொற்றியூர்ப் பையனுக்குக் காட்டினால் அரைமணி நேரத்தில் அவன் பயம் தெளியாதா?

சூலம் என்ற சங்கதிக்கு வருவோம். பஞ்சாங்கப்படி செவ்வாய்க்கும் புதனுக்கும் சூலம் வடக்கு, பரிகாரம் பால். அந்த 26-ஆந் தேதி செவ்வாய், விடிந்தால் புதன். ஆக, வடக்கே போகாதே என்பது வரையில் பஞ்சாங்கம் சொல்லியாயிற்று. எண்ணூர்க்காரனுக்கு அன்று தெரியவேண்டியிருந்தது என்ன? காற்று எந்தத் திசையில் அடிக்கிறது, அதற்குக் குறுக்கே எப்படி விலகிப் போகவேண்டும், அம்மோனியா தண்ணீரில் கரைகிற வஸ்து ஆகையால் துணியை நனைத்து மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொள்ளவேண்டும், ஆலையில் சங்கு எப்படி ஊதினால் என்ன அர்த்தம் என்பவைதான். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல அரை நிமிஷம் போதும். வருஷத்துக்கு 365 காலையும் சூலத்துக்கு நேரம் இருக்கிறது. இதற்கு ஒரு காலையும் நேரம் இல்லை. நாட்டிலேயே ஆபத்தான ஆலைகள் நெருங்கிக் கிடக்கிற ஒரு வட்டாரத்து ஜனங்கள், எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பதைப் பெட்டியில் கேட்டால், பெட்டி பால் குடித்துவிட்டு ஓடு என்கிறது!

கேமிரா வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. எண்ணெயையும் காட்டினார்கள், ஆஸ்பத்திரியையும் காட்டினார்கள், நியாயமாய் ஒப்புக்கொள்கிறோம். நாலு நாள் நின்றார்கள், போய்விட்டார்கள். பாம்புப் பெண் மாத்திரம் போவதில்லை. அவளுக்கு நானூறு, அய்ந்நூறு நாள். எண்ணூர்க் கழிமுகத்தைச் சாம்பல் மூடியதைப் பற்றி 2017-இல் டி.எம். கிருஷ்ணா புறம்போக்குப் பாட்டு ஒன்று அந்தச் சாம்பலிலேயே நின்று பாடினார். அது ஊரெல்லாம் பரவியது இணையத்தின் வழியாகத்தானே தவிர, 200 சேனல் வழியாக அல்ல. பிறப்பினால் பார்ப்பனரான ஒரு சங்கீதக்காரருக்கு இருந்த கவலை, திராவிடப் பெயர் வைத்துக்கொண்ட சேனல்காரர்களுக்கு இல்லை.

ஆமாம், நம்மவர்களைப் பற்றியும் சொல்லத்தானே வேண்டும்? 1949 செப்டம்பரில் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் ஒரு கூட்டம் நடந்தது. அது நம்மை விட்டுப் பிரிந்தவர்களுடைய கூட்டம்தான் என்றாலும், நனைந்துகொண்டே நின்ற ஜனங்கள் கேட்டது பகுத்தறிவுப் பேச்சுத்தான், ராசிபலன் அல்ல. அந்த மேடையின் வழிவந்தவர்கள் இன்று சேனலுக்கு முதலாளிகள். 1993 ஏப்ரல் 14-இல் தொடங்கிய சன் தொலைக்காட்சிதான் 2017, 18-இல் ‘நந்தினி’ என்ற பாம்புக் கதையை நடத்திற்று. 2007-இல் வந்த கலைஞர் தொலைக்காட்சி, பிள்ளையார் சதுர்த்தியன்று சினிமாவும் பேட்டியும் போட்டுவிட்டு, அதற்கு ‘விடுமுறை நாள் சிறப்பு நிகழ்ச்சி’ என்று பெயர் வைத்தது. நமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிள்ளையாரை வேண்டாம் என்றால் தைரியமாய் வேண்டாம் என்று சொல்லவேண்டும். வேண்டும் என்றால் கொழுக்கட்டை தின்றுவிட்டுப் போகவேண்டும். பெயரை மாத்திரம் மாற்றி விளம்பரக் காசை வாங்கிக் கொள்ளுவது எந்த ஊர்ப் பகுத்தறிவு? மயிலாப்பூர்க்காரன் பஞ்சாங்கம் விற்றால் அவன் பிழைப்பு என்று விட்டுவிடலாம். நம்மவன் விற்றால் அது பிழைப்பு மாத்திரம் அல்ல, துரோகம்.

இவர்களைக் கேட்டால் ஒரே பதில்: “ஜனங்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறோம்.” எந்த ஜனங்கள் எப்போது கேட்டார்கள்? 2020 கணக்குப்படி இந்தியாவில் பெட்டி உள்ள வீடு சுமார் 21 கோடி. யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்க மீட்டர் வைத்த வீடு சுமார் 44,000. அதாவது ஏறக்குறைய 4,800 வீட்டுக்கு ஒரு வீடு. அந்த ஒரு வீட்டுக்காரர் தூங்கிப்போய்ப் பெட்டி தானாக ஓடினாலும், 4,800 வீட்டாரும் அதைக் கேட்டு வாங்கினார்கள் என்று கணக்கு. அந்தக் கணக்கிலும் பணம் கொடுத்து மோசடி நடந்தது என்று 2020 அக்டோபரில் மும்பையில் புகார் கிளம்பி, செய்திச் சேனல்களுக்குக் கணக்குச் சொல்லுவதையே 2022 மார்ச்சு வரை நிறுத்தி வைத்தார்கள். இதுதான் ஜனங்களுடைய குரல்! சாராயக் கடைக்காரனும் ஜனங்கள் கேட்கிறார்கள் என்றுதான் சொல்லுகிறான். குழந்தைக்கு மூன்று வேளையும் மிட்டாயையே கொடுத்துப் பழக்கிவிட்டு, பார், சோற்றை வேண்டாம் என்கிறது என்றால், அது குழந்தையின் குற்றமா?

ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? இதே சென்னைக் கடற்கரை மீனவர் குலத்தில் பிறந்த ம. சிங்காரவேலு, 1930-களில் ‘குடிஅரசு’வில் பிரபஞ்சம் எப்படி உண்டாயிற்று, உயிர்கள் எப்படிப் பரிணமித்தன, பேய் பிசாசு என்பது என்ன என்றெல்லாம் பாமரர்க்கும் விளங்கும்படி எழுதினார். அன்று படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? சலூனிலும் தேநீர்க் கடையிலும் ஒருவன் படிக்க, பத்துப்பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் கப்பல் சரக்கு இறக்குகிறவர்கள், மில் கூலிகள், தச்சர்கள். அவர்களுக்குப் பிடித்தது சுவர்க்கோளும் நட்சத்திரமும் பற்றிய விஞ்ஞானம். அவர்களுடைய பேரன் படித்து டிப்ளமா வாங்கியிருக்கிறான். அவனுக்குப் பாம்பு போதும் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்தத் தொடர்களில் பெண்கள் படுகிற பாடு தனி. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் நின்று மீன் எடுத்து, பஸ்ஸில் இடம் கொடுக்காத கண்டக்டரோடு சண்டை போட்டு, தெருத்தெருவாய் விற்று, குடும்பத்தைக் காப்பாற்றுகிறாளே ஒருத்தி, அவளைத் தொடரில் பார்த்ததுண்டா? தொடரில் வருகிறவள் பங்களாவில் பட்டுப்புடவையோடு தூங்கி பட்டுப்புடவையோடு எழுந்திருக்கிறாள். நல்லவளானால் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுகிறாள். கெட்டவளானால் அடுத்தவள் தாலியை அறுக்க மந்திரவாதியிடம் போகிறாள். இந்த இரண்டு ஜாதிதான் பெண்ணில் உண்டு போலும்! வேலை செய்து சம்பளம் வாங்கி, தன் காலில் நிற்கிற பெண் என்றால் அவள் திமிர் பிடித்தவள், கடைசி வாரத்தில் திருந்தி மாமியார் காலில் விழுகிறாள். இன்னொன்றும் பாருங்கள்: நம் வடசென்னைப் பேச்சு இந்தப் பெட்டியில் யார் வாயில் வருகிறது? ரவுடி வாயிலும், உதை வாங்குகிற கோமாளி வாயிலும் மாத்திரமே. டாக்டராய், வக்கீலாய், நியாயம் கேட்கிறவளாய் வருகிற பாத்திரம் ஒன்றாவது திருவொற்றியூர்ப் பேச்சுப் பேசுகிறதா?

சரி, இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது என்பதுதான் வெட்கக்கேடு. கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தை ஒட்டிய 1994-ஆம் வருஷத்து விதிகளில் 6-ஆவது விதி, மூடநம்பிக்கையையோ குருட்டு நம்பிக்கையையோ ஊக்குவிக்கிற நிகழ்ச்சியை ஒளிபரப்பக்கூடாது என்று பச்சையாய்ச் சொல்லுகிறது. 7-ஆவது விதி, அற்புத சக்தி உண்டு என்று நம்பச் செய்கிற விளம்பரத்தைத் தடுக்கிறது. தாயத்தால் வியாதி தீரும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது பிரஜையின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்திலேயே 1976-இல் எழுதி வைத்தார்கள். இத்தனை சட்டமும் தூங்குகின்றன.

ஆனால் அதே 6-ஆவது விதியில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. மதங்களைத் தாக்கக்கூடாது என்பது. அது மாத்திரம் தூங்குவதில்லை! 2015 மார்ச்சில் புதிய தலைமுறை தொலைக்காட்சி, பெண்களுக்குத் தாலி தேவையா என்று ஒரு விவாதம் நடத்த ஏற்பாடு செய்தது. நிகழ்ச்சியையே நிறுத்தும்படி ஆயிற்று. கேமிராக்காரர் அடிபட்டார். சில நாளில் அந்த ஆபீசின் மேல் டிபன் பெட்டி வெடிகுண்டு வீசினார்கள். தாலி வேண்டும் என்று ஆயிரம் தொடர் சொல்லலாம். வேண்டுமா என்று ஒரு மணி நேரம் கேட்டால் குண்டு. இதைப் பார்த்த பிறகு எந்த முதலாளி துணிந்து கேட்பான்? ஆகையால்தான், சர்க்காரே எல்லாவற்றையும் வெட்டித் தள்ளட்டும் என்று நாம் கேட்பதில்லை. கத்தரிக்கோலைக் கொடுத்தால் முதலில் நம் நாக்கைத்தான் நறுக்குவார்கள். எழுதி வைத்த விதியை ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்புமாய் நடத்தாதே என்பதே நம் கோரிக்கை.

மராட்டியத்தில் நரேந்திர தபோல்கர் இப்படிப்பட்ட சட்டத்துக்காகப் பல வருஷம் பாடுபட்டு, 2013 ஆகஸ்டு 20-இல் புனாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இரத்தம் காய்வதற்குள் அவசரச் சட்டமும், டிசம்பரில் முழுச் சட்டமும் வந்தன. அதை வைத்துத்தான் 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அனுமான் யந்திரம் என்று தொலைக்காட்சியில் விற்பது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. கர்நாடகத்திலும் 2017-இல் சட்டம் செய்தார்கள். பெரியார் பிறந்த நாடு என்று மேடைதோறும் மார்தட்டுகிறோமே, அந்தச் சட்டம் எல்லாருக்கும் முன்னால் இங்கேயல்லவா வந்திருக்கவேண்டும்?

சட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். 2021-இல் செய்த திருத்தப்படி, எந்த நிகழ்ச்சியைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் அந்தச் சேனலுக்கே புகார் எழுதலாம். புகார் கிடைத்தது என்று 24 மணி நேரத்தில் அவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். 15 நாளில் முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஒளிபரப்பாளர்களுடைய கண்காணிப்பு அமைப்புக்கும், அதன்மேல் மத்திய சர்க்காருக்கும் போகலாம். இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்த் தோழர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு வாரம் காலையும் இராத்திரியும் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, தேதி, மணி, சேனல், சொன்ன வார்த்தை இவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். பெண் தோழர்கள் தொடர்களை எடுத்துக் கொள்ளட்டும். அவர்களுக்குத்தான் கதை முழுவதும் தெரியும். 6-ஆவது விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கூடவே, அந்தப் பஞ்சாங்கப் பத்து நிமிஷத்தில் எண்ணூர் மணலி வட்டாரத்தில் இன்று காற்றில் என்ன கலந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம், கடலுக்குப் போகலாமா, ஆலையில் சங்கு ஊதினால் என்ன செய்வது என்பதைச் சொல் என்றும் கேளுங்கள். எழுதியதன் நகல் ஒன்றை நமக்கும் அனுப்புங்கள். எந்தச் சேனல் எத்தனையாவது நாளில் என்ன பதில் சொல்லிற்று, எது பதிலே சொல்லவில்லை என்பதை வாராவாரம் இந்தப் பக்கத்திலேயே பிரசுரிப்போம்.